கரி சுமந்த முள்ளெலி

ஒரு சீமைக் கருவேலங்காட்டில் முள்ளி என்றொரு முள்ளெலி இருந்தாள். அவளைப் போன்ற பயந்தாங்கொள்ளி அந்தக் காட்டில் வேறு யாரும் கிடையாது. சருகு விழுந்தால் சுருண்டுகொள்வாள். காற்று வீசினால் சுருண்டுகொள்வாள். ஒருமுறை தானே தும்மிவிட்டு, அந்தச் சத்தத்துக்கும் சுருண்டுகொண்டாள். பிறகு முள்பந்துக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டி, "யாரது?" என்று வேறு கேட்டாள்!

காட்டின் பள்ளத்தில் ஒரு குட்டை. கோடையிலும் வற்றாத தண்ணீர் அந்த ஒன்றில்தான் இருந்தது. புள்ளிமான், பன்றி, மயில், தவளை, வண்டு என்று எல்லாருக்கும் அதுதான் உயிர். குட்டையின் கரையில், வெட்டிவேர்ப் புதருக்கு அடியில், முள்ளி ஒரு பொந்து தோண்டி வைத்திருந்தாள். மழைக்காலத்துக்கு முன்னால் அதில் குட்டி போட வேண்டும் என்பது அவள் ஆசை. சருகு பொறுக்கி மெத்தைகூடப் போட்டாயிற்று.

குட்டைக்கு மேலே ஒரு சரிவு. சரிவின் உச்சியில் மனிதர்களின் தார்ச்சாலை. ஒருநாள் அந்தச் சாலை வளைவில் டேங்கர் லாரி ஒன்று குடைசாய்ந்தது. காடே அதிர்ந்தது. முள்ளி சுருண்டாள் என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

அவள் நிமிர்ந்து பார்த்தபோது லாரியின் வயிறு கிழிந்து டீசல் கொட்டிக்கொண்டிருந்தது. சரிவு மண் அதை மடக் மடக்கென்று குடித்தது. மனிதர்கள் வந்தார்கள். சத்தம் போட்டார்கள். லாரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மண்ணுக்குள் போனதை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை.

அன்றிலிருந்து நாற்றம் பிடித்தது. சரிவில் இருந்த புல் முதலில் வாடி, பிறகு கறுத்தது. அந்த மண்ணில் ஊர்ந்துபோன மரவட்டைகள் பாதி வழியிலேயே சுருண்டு கிடந்தன. அவை மறுபடி நிமிரவே இல்லை. முள்ளி அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். சுருண்டால் தப்பிக்கலாம் என்றுதானே அவளும் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தாள்!

அந்தக் காட்டுக்கு வக்கணையன் என்ற நரிதான் நாட்டாமை. யாரும் அவனை நாட்டாமையாக்கவில்லை. அவன் பேசிப் பேசியே ஆகிவிட்டான். அவன் எல்லாரையும் கூட்டினான்.

"பதறாதீங்க! யாரும் பதறாதீங்க! நாத்தம் நமக்குப் புதுசா? செத்தது கிடந்து நாறினா நாம என்ன செய்வோம்?" என்று கேட்டான்.

"மண்ணைத் தள்ளி மூடுவோம்!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"இதையும் மூடுவோம்! மூடிட்டா மண்ணு பார்த்துக்கும்!"

அந்தக் காட்டில் மூடுவதற்கென்று ஒரு முறை உண்டு. நாறுகிற பொருளை யாரும் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. முதுகைக் காட்டி நின்று, பின்னங்காலால் மண்ணை உதைத்துத் தள்ள வேண்டும். பார்த்தால் அந்தச் சாவு தங்கள்மேல் ஒட்டிக்கொள்ளும் என்று அவர்களுக்குப் பயம்.

அப்படியே செய்தார்கள். மான்கள் உதைத்தன. முயல்கள் உதைத்தன. முள்ளியும் தன் குட்டைக் காலால் உதைத்தாள். சரிவு முழுக்கப் புதுமண் ஏறியது. என்ன மூடினோம் என்று ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்றம் நின்றது. காட்டுக்கு மூச்சு வந்தது.

"பார்த்தீங்களா? நானே இங்க குடியிருக்கேன்! அப்புறம் என்ன பயம்?" என்று மார்தட்டினான் வக்கணையன். புதுமண் ஏறிய சரிவின் அடியிலேயே தனக்கு ஒரு புதுப் பொந்தும் தோண்டிக்கொண்டான்.

ஆடி போய் ஆவணி வந்தது. முள்ளியின் வயிறு கனத்தது. பசி தாங்கவில்லை. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் வண்டு தேடிச் சரிவில் ஏறினாள். கிளறினாள், வண்டு இல்லை. இன்னும் கிளறினாள், புழு இல்லை, எறும்புகூட இல்லை. இத்தனை பெரிய சரிவில் ஓர் உயிர்கூட இல்லையே என்று நினைத்ததும் அவளுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது.

அப்போது, "அக்கா…" என்று ஒரு குரல் கேட்டது.

முள்ளி சட்டென்று சுருண்டாள். சுருண்டதில் அவள் காது மண்ணோடு அழுந்தியது. குரல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது!

"முள்ளியக்கா… மூச்சு முட்டுது…"

"யா… யாரு? பேயா?"

"பேய்க்கு எதுக்கு மூச்சு முட்டப்போகுது? நாங்க மண்ணுக்குள்ள குடியிருக்கிற பொடிசுங்க. நுண்ணுயிர்னு சொல்லுவாங்க. உங்க கண்ணுக்குத் தெரிய மாட்டோம். ஒரு சிட்டிகை மண்ணுல ஒரு கோடிப் பேர் இருப்போம்."

முள்ளிக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் கால் வரவில்லை. அந்தக் குரலில் இருந்த பயம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த பயம். அவள் கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

"அக்கா, இந்த எண்ணெய் எங்கள்ல சில பேருக்குச் சோறு மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா தின்னே தீர்த்துடுவோம். ஆனா திங்கிறதுக்கு மூச்சு வேணுமே! நீங்க எல்லாரும் சேர்ந்து எங்க தலைமேல மண்ணைக் கொட்டிட்டீங்க. காத்து வரல. தினமும் செத்துக்கிட்டிருக்கோம்."

"ஆனா நாத்தம் நின்னுபோச்சே?"

"நாத்தம் மேல வரல, அவ்வளவுதான். எண்ணெய் கீழ இறங்குது, அக்கா. குட்டைப் பக்கமா இறங்குது. மழை பெஞ்சா தண்ணியோட சேர்ந்து ஒரே ஓட்டமா ஓடிடும்."

முள்ளி உருண்டு புரண்டு ஓடினாள். விலங்குகள் கூடியிருந்த நரியின் பொந்து வாசலில் போய் நின்று, மூச்சிரைக்கச் சொன்னாள்.

வக்கணையன் விழுந்து விழுந்து சிரித்தான். "கேட்டீங்களா! தும்மலுக்கே சுருளுறவ, மண்ணு பேசுதுன்னு வந்து நிக்கிறா! தாயி, பிள்ளைத்தாச்சிக்கு இந்தப் பிரமையெல்லாம் வரும். போய்ப் படு!"

கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். முள்ளிக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, நரி சிரிக்கும்போதே தன் முன்னங்காலை மண்ணில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்ததைப் பார்த்தபோது பயமாக இருந்தது. ஏன் துடைக்கிறான் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

புரட்டாசியில் ஒரு தூறல் விழுந்தது. பெரிய மழைகூட இல்லை. மறுநாள் காலையில் குட்டையின் மேட்டுக் கரையோரம் தண்ணீரில் வண்ணம் வண்ணமாக மின்னியது. நீலம், பச்சை, ஊதா! மயில் அதைப் பார்த்துவிட்டு, "என் தோகையைப் பார்த்துத் தண்ணிக்கே ஆசை வந்துடுச்சு!" என்று ஓர் ஆட்டம் போட்டது.

அந்த வண்ணத்துக்குள் ஒரு தவளை குதித்தது. மறுபடி தலை தூக்கியது. வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

மயிலின் ஆட்டம் நின்றது. எல்லாரும் கரையிலிருந்து பின்வாங்கினார்கள். வக்கணையன் மட்டும், "அது… அது வயசான தவளை!" என்றான். பிறகு அதன்மேல் மண்ணைத் தள்ளச் சொன்னான். எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.

முள்ளி திருப்பிக்கொள்ளவில்லை. அவள் தவளையையே பார்த்தாள். அவள் குடிக்கும் தண்ணீர் அது. அவள் குட்டிகளுக்குப் பால் ஊற வேண்டிய தண்ணீர். இந்தக் குட்டையை விட்டால் சாலையைத் தாண்டிப் போனால்தான் சொட்டு நீர் கிடைக்கும். கனத்த வயிற்றோடு அவளால் அங்கே போகவும் முடியாது. பெருமழை வந்தால் குட்டை முழுக்க இந்த வண்ணம்தான். எதிர்க்கரையில் போய்க் குனிந்தாள். தாகம் தொண்டையை அறுத்தது. ஆனால் ஒவ்வொரு வாய் குடிக்கும் முன்னும் தண்ணீரில் அந்த வண்ணம் மின்னுகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

நேராகச் சரிவுக்குப் போய்க் காதை மண்ணில் வைத்தாள்.

"பொடிசுகளா! இருக்கீங்களா?"

காதை இன்னும் அழுத்தினாள். பிறகு மெல்லியதாக, "கொஞ்சம் பேர் இருக்கோம், அக்கா," என்று கேட்டது.

"உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க!"

"மூடின மண்ணைக் கிளறி விடு, காத்து வரட்டும். ஈரம் கொஞ்சம் வேணும். துணைக்கு வேர் வேணும். வேர் இனிப்பா கசியவிடும், அதைத் தின்னு நாங்க தெம்பாவோம். ஆனா முதல்ல வீடு வேணும், அக்கா! இத்தனை எண்ணெய்க்குள்ள நேரா விழுந்தா நாங்களே செத்துடுவோம். கரித்துண்டு இருக்கே, அதுக்குள்ள குட்டிக் குட்டி அறையா ஓட்டை இருக்கும். எண்ணெய் கரி மேல ஒட்டிக்கும். நாங்க அறைக்குள்ள பத்திரமா இருந்துகிட்டே அதைத் தின்போம்."

"க… கரியா?"

காட்டின் மேற்கு ஓரத்தில் மனிதர்கள் கரிமூட்டம் போடுவார்கள். கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே நெருப்பைப் புகையவிட்டுக் கரியாக்குவார்கள். போன கோடையில் அங்கிருந்து பறந்த ஒரு பொறிதான் காட்டின் மேற்குப் பாதியைத் தின்றது. முள்ளியின் அக்கா அன்று ஓடவில்லை. பயத்தில் சுருண்டுகொண்டாள். முள் நரியைத் தடுக்கும், பாம்பைத் தடுக்கும், தீயைத் தடுக்குமா? முள்ளி போய்ப் பார்த்தபோது ஒரு கறுப்புப் பந்துதான் கிடந்தது.

அதற்குப் பிறகு எந்த விலங்கும் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. கரியைத் தொட்டால் அதற்குள் தூங்கும் தீ விழித்துக்கொள்ளும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

"வேற ஏதாவது…" என்று இழுத்தாள் முள்ளி.

அவளுடைய வயிற்றுக்குள் ஏதோ ஒன்று மெல்லப் புரண்டது.

அவள் கிளம்பிவிட்டாள். மேற்கே போகப் போக மரங்கள் குறைந்தன. பறவைச் சத்தம் நின்றது. தரை சாம்பலாகி, பிறகு கறுப்பாகியது. கரி மூட்டையைக் கட்டிக்கொண்டு மனிதர்கள் போயிருந்தார்கள். அவர்கள் அள்ளாமல் விட்ட தூளும் துண்டும் மேடாகக் குவிந்து கிடந்தன. தள்ளி ஒரு மூட்டம் மட்டும் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அது மூச்சு விடுவது போலவே இருந்தது.

முள்ளி கரிமேட்டின் ஓரத்தில் நின்றாள். ஒரு காலைத் தூக்கினாள். வைக்க முடியவில்லை. மறுகாலைத் தூக்கினாள். அதையும் வைக்க முடியவில்லை. 'அக்கா இங்கதான் எங்கயோ…' என்று நினைத்தாள். கண்ணில் நீர் முட்டியது.

படார்! புகையும் மூட்டத்துக்குள் ஒரு கட்டை வெடித்தது.

முள்ளி அப்படியே சுருண்டாள். சுருண்ட வேகத்தில் கரிமேட்டின் மேலே விழுந்தாள். உருண்டாள், உருண்டாள், மேட்டின் மறுபக்கம் வரை உருண்டாள்! 'எரியப்போகிறேன்! இதோ எரிகிறேன்!' என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள்.

எரியவில்லை. கரி சில்லென்று இருந்தது.

மெல்லக் கண்ணைத் திறந்தாள். அவளுடைய முள்ளுக்கு முள் கரித்தூளும் பொடித்துண்டும் சொருகிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் பயந்த பொருள் இப்போது அவள் முதுகிலேயே இருந்தது! முள்ளிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. திரும்பிப் பார்க்காமல் சரிவுக்கு ஓடினாள்.

சரிவின் ஓரத்தில், நரி கால்நீட்டிப் படுக்கிற அளவு இடத்தைக் கிளறினாள். முதுகைச் சிலுப்பிக் கரியை உதறினாள். மண்ணோடு கலந்தாள். மறுபடி போனாள். மறுபடி சுமந்து வந்தாள். ஒவ்வொரு முறையும் அங்கே ஏதாவது வெடித்தது. ஒவ்வொரு முறையும் அவள் சுருண்டாள். ஒவ்வொரு முறையும் கரி ஒட்டியது. பயத்தை வைத்து இப்படி ஒரு வேலை வாங்கலாம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஆனால் மறுநாள் காதை வைத்தபோது பொடிசுகள் அழுதன.

"என்ன வேலை பண்ணிட்டே, அக்கா! வெறுங்கரி எங்ககிட்ட இருந்த கொஞ்சநஞ்ச சத்தையும் உறிஞ்சிடுச்சு! வீடு இருக்கு, அடுப்பெரியல! சாணித் தண்ணியில ஊறவெச்சு இல்ல கொண்டாந்திருக்கணும்!"

முள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காப்பாற்ற வந்தவளே கொன்றுவிடுவாள் போலிருந்ததே! சாணிக்கு எங்கே போவது? அவள் உருட்டியிடம் ஓடினாள். உருட்டி ஒரு சாணி வண்டு. தன் சாணி உருண்டையை யாராவது பார்த்தாலே சண்டைக்கு வருகிறவன்.

"என் உருண்டை! கிட்ட வந்தே, கடிச்சுடுவேன்!" என்று அவன் காலைப் பரப்பி நின்றான்.

"உருட்டியண்ணே, குட்டை செத்துக்கிட்டிருக்கு!"

உருட்டி பரப்பிய காலை மடக்கிக்கொண்டான். "தெரியும்," என்றான் மெதுவாக. "மானெல்லாம் நேத்து வடக்க போயிடுச்சு. தண்ணி கசக்குதாம். மான் போனா சாணி ஏது? இதுதான் என் கடைசி உருண்டை, முள்ளி. அதான் கட்டிப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்." கொஞ்சநேரம் உருண்டையையே பார்த்தான். பிறகு அதை அவள் பக்கம் தள்ளினான்.

குளம்புத் தடத்தில் தேங்கிய தூறல் நீரில் சாணியைக் கரைத்தார்கள். கரியை அதில் ஊறப்போட்டார்கள். ஊறிய கரியைக் கொண்டுபோய்க் கிளறிய மண்ணில் கலந்தார்கள். மண்ணுக்குள் சலசலவென்று ஒரு சத்தம். பொடிசுகள் வீடு பிடிக்கின்றன!

இனி வேர் வேண்டும். முள்ளியின் பொந்துக்கு மேலேயே வெட்டிவேர்ப் புதர் இருந்தது. ஆனால் அதைப் பிடுங்க அவளால் ஆகுமா? வேர் தோண்டித் தின்பதே வேலையாக இருந்த கோரையன் என்ற காட்டுப்பன்றியிடம் போய் நின்றாள்.

"எனக்குப் பிடுங்கத்தான் தெரியும், தாயி. நட்டுப் பழக்கமில்ல," என்று கோரையன் தலையைச் சொறிந்தான். ஆனாலும் வந்தான். ஒரு குத்து வெட்டிவேரைப் பிடுங்கினான். பழக்கதோஷத்தில் பாதியை மென்றும் விட்டான்! மீதிப் பாதியை நட்டார்கள்.

அது பிழைத்தது. சில வாரத்தில் ஒரு பச்சைக் குருத்து நீட்டியது. பொடிசுகளின் குரலும் நாளுக்கு நாள் பெருகியது. "இங்க தின்னு தீர்த்துக்கிட்டே வர்றோம், அக்கா! ஆனா மிச்சச் சரிவு? மேகத்தைப் பார்த்தியா?"

முள்ளி பார்த்தாள். கிழக்கே வானம் கறுத்திருந்தது. ஐப்பசி வந்துவிட்டது.

"கோரையண்ணே, சரிவு முழுக்கக் கிளறணும். இப்பவே!"

கோரையன் மூக்கைக் கொடுத்து ஒரு புரட்டுப் புரட்டினான். மூடிக் கிடந்த நாற்றம் குபீரென்று எழும்பியது. காடு முழுக்கப் பரவியது.

அவ்வளவுதான்! நாலாபக்கமிருந்தும் விலங்குகள் ஓடிவந்தன.

"நாத்தம் திரும்பி வந்துடுச்சு!" "முள்ளிதான் தோண்டினா!" "அவ முதுகைப் பாருங்க, கரி! தீயைக் கூட்டிட்டு வந்திருக்கா!" "துரத்துங்க அவளை!"

குளம்புகளும் நகங்களும் பல்லும் அவளைச் சுற்றி நெருங்கின. எல்லாருக்கும் முன்னால் வக்கணையன் நின்றான். "நம்ம ஊரு மூடினதை இவ தோண்டிட்டா! சாவைத் தோண்டி எடுத்துட்டா!" என்று ஊளையிட்டான்.

முள்ளி சுருண்டாள். வயிற்றுக்குள் குட்டிகள் புரண்டன. அவள் நிமிரவில்லை, ஆனால் முள்பந்துக்குள்ளிருந்து பேசினாள்.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு! உங்களைப் பார்த்தாலும் பயம், மழையைப் பார்த்தாலும் பயம். நான் எப்பவும் பயப்படுறவதான்! ஆனா நீங்க நாத்தத்துக்குப் பயப்படுறீங்க. நாத்தம் இல்லாம கீழ போய்க்கிட்டிருக்கே எண்ணெய், நான் அதுக்குப் பயப்படுறேன். திரும்பிப் பாருங்க! ஒரே ஒரு தடவை திரும்பி நின்னு பாருங்க!"

கோரையன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தான். பிறகு வக்கணையனை நோக்கித் திரும்பினான்.

"நாட்டாமை, உன்மேல என்ன வாடை?"

"எ… என்ன வாடை? ஒண்ணுமில்லையே!"

"காலைக் காட்டு."

வக்கணையன் பின்வாங்கினான். ஆனால் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அவன் கால்களில் மயிர் கொட்டி, தோல் சிவந்து வெடித்திருந்தது. கோரையன் அவனுடைய பொந்துக்குள் மூக்கை விட்டான். விட்ட வேகத்தில் வெளியே எடுத்துத் தும்மினான். பொந்துச் சுவர் முழுக்க எண்ணெய் கசிந்து வழிந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாளா?" என்று கோரையன் கேட்டான்.

நரியின் வாய் முதல் தடவையாக வார்த்தை கிடைக்காமல் திணறியது. "மூடின மறுமாசத்துல இருந்தே," என்றான் கடைசியில். "சொன்னா எல்லாரும் காட்டை விட்டுப் போயிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு. நானும் பயந்தவன்தான்யா. சத்தமாப் பேசினா பயம் தெரியாதுன்னு பேசிக்கிட்டே இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு முயல் முள்ளி கரி கலந்திருந்த இடத்துக்குப் போய் முகர்ந்து பார்த்தது. "இங்க மண்ணுவாசனை அடிக்குது!" என்று கத்தியது. ஒவ்வொருவராக வந்து முகர்ந்தார்கள். குருத்தைப் பார்த்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு அந்தச் சரிவை அவர்கள் நேருக்கு நேர் பார்த்தார்கள்.

தூரத்தில் இடி முழங்கியது.

அதற்கப்புறம் யாரும் நிற்கவில்லை. கோரையனும் அவன் கூட்டமும் சரிவை உழுதார்கள். முயல்கள் கரிமேட்டுக்கு நடுங்கிக்கொண்டே போய், நடுங்கிக்கொண்டே கரியில் புரண்டு வந்தன. உருட்டியின் சொந்தபந்தமெல்லாம் காடு முழுக்கக் கிடந்த காய்ந்த சாணியைத் தேடி உருட்டி வந்தது. வெந்த காலோடு வக்கணையன் வெட்டிவேரைக் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து போட்டான். குட்டைக்கு மேலே வரப்பு போல வரிசையாக நட்டார்கள். வேலைக்கு நடுவில்தான் முள்ளி பொந்துக்குள் போய் நாலு குட்டிகளைப் போட்டாள்.

வேர் பிடித்த வேளையில் பெருமழை வந்தது. சரிவின் மேல்பகுதி இன்னும் முடியவில்லை. எல்லாரும் குட்டைக்கரையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மின்னல் வெட்டும்போதெல்லாம் தண்ணீரைப் பார்த்தார்கள். முள்ளியின் பொந்து வாசலை மழைநீர் தொட்டது. பொந்துக்குள் நாலு குட்டிகளும் கண் திறக்காமல் கத்திக்கொண்டிருந்தன. முள்ளி வாசலில் நின்றாள். சுருளவில்லை. சுருண்டால் தண்ணீரைப் பார்க்க முடியாதே!

சரிவிலிருந்து தண்ணீர் இறங்கியது. வெட்டிவேர் வரிசையில் முட்டியது. நின்றது. பிறகு வேர்களுக்கு நடுவே கசிந்து குட்டைக்குள் விழுந்தது.

செம்மண் கலங்கல். வெறும் செம்மண் கலங்கல்! மேட்டுக் கரையின் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் வண்ணம் மின்னியது. அங்கே அந்த வருஷம் தவளை கத்தவில்லை. மற்ற கரையிலெல்லாம் கத்தின. கத்தக் கத்த, முள்ளி தலையைக் குனிந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள்.

பொடிசுகளின் வேலை அன்றோடு முடிந்துவிடவில்லை. அடுத்த மழைக்கும் தின்றன, அதற்கடுத்த மழைக்கும் தின்றன. மான்கள் திரும்பி வந்தன. வக்கணையனின் காலில் மயிர் முளைத்தது; பேச்சுதான் முன்னளவு முளைக்கவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் முள்ளியின் குட்டிகள் கண் திறந்தன. உலகத்தில் அவை முதன்முதலாகப் பார்த்தது முள்ளுக்கு முள் கரி அப்பிய ஒரு கறுத்த உருவத்தை. நாலும் வீலென்று கத்தி, நாலு பந்தாகச் சுருண்டுகொண்டன!

முள்ளி சிரித்துவிட்டாள். பிறகு குனிந்து சொன்னாள்: "சுருளுங்க, செல்லங்களா, நல்லாச் சுருளுங்க. ஆனா காதை மண்ணுல வெச்சுக்கிட்டுச் சுருளுங்க."

முதுகைக் காட்டி மூடிவிட்ட கேடு கண்ணுக்குத் தெரியாமல் வளரும்; நடுங்கிக்கொண்டாவது அதை நேருக்கு நேர் பார்த்துத் தோண்டுகிறவர்களால்தான் அது தீரும்.